மாமா ரிப்போர்ட்டும் மாலாட்-1ம்

போன வாரம் தர்மபுரில இருந்து மாமாவோட கிருஷ்ணகிரிக்கு பஸ்ல வரேன், மடில மஞ்சப்பை, உள்ள பயாப்ஸி ரிப்போர்ட், அது மேல நாலு மாங்கா. "என்னாடா போட்டிருக்கான்"னாரு. அடினோகார்சினோமா, நுரையீரல் கேன்சர்ல ஒரு வகை. பயோடெக் படிச்ச பாவத்துக்கு எல்லா கேள்வியும் என்கிட்ட தான்.

அந்த பேர பாத்ததும் காலேஜ்ல படிச்ச மாலாட்-1ங்கற ஆர்என்ஏ ஞாபகம் வந்துச்சு. நம்ம டிஎன்ஏல புரோட்டீனுக்கான பகுதி சுமார் 2% தான், மீதில இருந்தும் ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏவோட நகல், வந்துட்டே இருக்கு, அதுல 200 எழுத்துக்கு மேல நீளமா இருந்தும் புரோட்டீன் செய்யாதது தான் லாங் நான்கோடிங் ஆர்என்ஏ, குப்பைனு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. மாலாட்-1 அதுல ஒன்னு. 2003ல ஜெர்மனில பாத்தப்ப, ஆரம்ப ஸ்டேஜ்லயே நுரையீரல் கட்டிய எடுத்தும் பின்னாடி வேற எடத்துக்கு பரவினவங்க கட்டில இந்த மாலாட்-1 ஜாஸ்தி. 2013ல கேன்சர் செல்லுல இருந்து மாலாட்-1ஐ தூக்கிட்டு அந்த செல்ல எலிக்கு போட்டா பரவறது கொறஞ்சுச்சு. ஆனா நம்ம டாக்டர் கேட்டது ஈஜிஎஃப்ஆர்ங்கற ஜீன்ல மாற்றம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட் தான், மாத்திரை இருக்கறது அதுக்கு தானே.

இந்த மாலாட்-1 புரோட்டீன் செய்யாம, செல்லோட நியூக்ளியஸ்லயே உக்காந்துட்டு மத்த ஜீன ஆட்டி வெக்குதுன்னு மாமாகிட்ட சொன்னேன். "வேலையும் செய்யாது, அதிகாரம் மட்டும் பண்ணுமா, நம்மூரு நாட்டாமை மாதிரி"ன்னு சிரிச்சாரு, சிரிச்சதுல இருமல் வந்துடுச்சு, ஜன்னல தெறந்து விட்டேன்.