ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு கார்டியாக் எம்ஆர்ஐ எடுத்த அனுபவம்

அடைத்த இதயக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைக்கும் சின்ன உலோக வலை) வைத்து வார்டுக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது பம்பிங் எவ்வளவு என்றுதான், அதாவது இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்று. எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எனக்கு 38% என்று வந்தது, 55-க்கு மேல் இருந்தால்தான் நார்மல் என்று தெரிந்ததும் ஆடிப்போய்விட்டேன். ஆனால் அட்டாக் வந்த முதல் சில நாட்களில் வரும் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. ரத்தம் கிடைக்காத தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கும், இன்னொரு பகுதி உயிரோடு இருந்தும் அசையாமல் மரத்துக் கிடக்கும், சாதாரண எக்கோவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் டாக்டர் எம்ஆர்ஐ எழுதினார்.

எம்ஆர்ஐ பெரிய காந்தம், உலோக ஸ்டென்ட்டோடு உள்ளே போகலாமா என்று பயம் இருந்தது. இப்போது வைக்கிற ஸ்டென்ட்டுகளுக்குப் பிரச்சினை இல்லை என்றார்கள். படத்தில் வித்தியாசம் தெரிய ஊசியில் ஏற்றும் காடோலினியம் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்த்தார்கள். உள்ளே கஷ்டம் என்றால் மூச்சைப் பிடிப்பதுதான், திரும்பத் திரும்பச் சொல்வார்கள், அட்டாக் வந்த உடம்புக்கு அது நிஜமாகவே களைப்பு. மருந்து ஏற்றிப் பத்து நிமிடம் போல விட்டு எடுக்கும் படங்கள்தான் முக்கியம்: செத்த தசையில் மருந்து தங்கி வெள்ளையாகத் தெரியும், நல்ல தசை கறுப்பாக இருக்கும்.

டாக்டர் திரையிலேயே காட்டினார். வெள்ளைத் தழும்பு சுவரின் பாதித் தடிமனைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் அந்த இடம் மறுபடி சுருங்கி வேலை செய்யும் வாய்ப்பு குறைவாம். ஆனால் வெள்ளைக்கு நடுவே சின்னதாக ஒரு கறுப்புத் திட்டு. பெரிய குழாயைத் திறந்த பிறகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டே இருப்பதன் அடையாளம் அது, அப்படி இருப்பவர்களுக்குப் பின்னாளில் இதயம் விரிந்து, சுவர் மெலிந்து, உருண்டையாகிப் போகும் ஆபத்து அதிகம். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது, ஆனாலும் முன்கூட்டியே தெரிந்ததை நல்லதென்றே நினைக்கிறேன், ஏனென்றால் ராமிப்ரில், பீட்டா பிளாக்கர் என்ற, ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் இதய மாத்திரைகள் இரண்டையும் ரத்த அழுத்தம் தாங்குகிற வரை கூட்டிக்கொண்டே போனார்கள்.

ஆறு மாதம் கழித்து இன்னொரு எம்ஆர்ஐ. அதில் பார்த்தது பம்பிங்கை மட்டுமல்ல, இடது கீழறையின் கொள்ளளவையும். பழைய அளவைவிட 20% கூடியிருந்தால் இதயம் விரிகிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் கூடவில்லை, பம்பிங் 49 ஆகியிருந்தது. சரி, மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டேன். இதயத்தை விரியாமல் பிடித்து வைத்திருப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு, அளவைத் தொட வேண்டாம் என்றார்.