துறைமுகம் இல்லாமல் வந்து நின்ற சுஃப்ரேன்

1782-இல் நாகப்பட்டினத்திலிருந்து சென்னை வரைக்கும் நம் கரையில் பெரிய போர்க்கப்பல்கள் ஒதுங்க ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டுத்தான் நிற்க வேண்டும், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவர மசூலாப் படகுதான் கதி. ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பிவிட்டால் அங்கே நிற்கவே முடியாது. அதனால் ஆங்கிலேயர் பழுது பார்க்க பம்பாய்க்கும், பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸுக்கும் போய்விடுவது வழக்கம். மொரீஷியஸ் போனால் திரும்பி வரப் பல மாதம் ஆகும். அந்த வழக்கத்தை மீறி, சொந்தத் துறைமுகம் எதுவும் இல்லாமல் இந்தக் கரைக்கு வந்து, மொரீஷியஸுக்குத் திரும்பாமலே தாக்குப்பிடித்தவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன். அவருடைய சண்டைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். சண்டைகளுக்கு நடுவே அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிறந்தது 1729, தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் பகுதி. பிரபு குடும்பம், ஆனால் மூத்த மகன் இல்லை, அதனால் 14 வயதிலேயே கடற்படைக்கு. மால்டா வீரத்துறவியர் சபையிலும் சேர்ந்தார். ஆங்கிலேயரிடம் இரண்டு முறை கைதியானவர், 1747-இலும் 1759-இலும். இரண்டாவது முறை நடந்ததைக் கவனிக்க வேண்டும். போர்ச்சுகல் அப்போது நடந்த பிரெஞ்சு-ஆங்கிலப் போரில் சேராத நாடு, ஆனாலும் அதன் கரையோரமாகத் தஞ்சம் புகுந்த பிரெஞ்சுக் கப்பல்களை ஆங்கிலேயர் துரத்திவந்து தாக்கினார்கள், பிடிபட்டவர்களில் சுஃப்ரேனும் ஒருவர். 22 வருடம் கழித்து, 1781 ஏப்ரல் 16 அன்று, கேப் வெர்டே தீவுகளில் அதே போர்ச்சுகலுக்குச் சொந்தமான பிரயா துறையில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் அவர் கண்ணில் பட்டன. ஒரு நிமிடம் தயங்காமல் உள்ளே புகுந்து அடித்தார். அவருடைய கேப்டன்களில் பாதிப் பேர் சரியாகப் பின்தொடரவில்லை, ஒரு கப்பல் பாய்மரங்களை எல்லாம் இழந்தது. ஆனால் ஆங்கிலேயர் தாமதப்பட்டார்கள், சுஃப்ரேன் முந்திக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போய் டச்சுக்காரர்களின் குடியேற்றத்தைக் காப்பாற்றிவிட்டார்.

அப்புறம் மொரீஷியஸ் வழியாக இங்கே. வழியில் மேல்தளபதி தோர்வ் இறந்துபோக, முழுக் கப்பற்படையும் சுஃப்ரேன் கைக்கு வந்தது. எதிரே ஆங்கிலக் கப்பற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸ். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கைக் கரையோரம் புரோவிதியன், ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை, மறு வருடம் கடலூர். ஐந்து சண்டையிலும் எந்தப் பக்கத்திலும் ஒரு பெரிய போர்க்கப்பல்கூடப் பிடிபடவும் இல்லை, மூழ்கவும் இல்லை. வெறும் கணக்காகப் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும்.

ஆனால் நாகப்பட்டினச் சண்டைக்குப் பிறகான எட்டு வாரங்களைப் பாருங்கள். ஜூலை 6-இல் இரு தரப்புக்கும் பலத்த அடி. ஹியூஸ் சென்னைக்குப் போனார், அங்கே அவருக்குக் கிடங்கு இருந்தது. சுஃப்ரேன் கடலூருக்கு வந்தார், அங்கே ஒன்றுமே இல்லை. சின்னக் கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்குப் பொருத்தினார். அதற்கு நடுவே ஆங்கிலேயரை எதிர்த்துப் பிரெஞ்சுக்காரரோடு கூட்டுச் சேர்ந்திருந்த மைசூர் ஹைதர் அலியையும் நேரில் சந்தித்தார் (ஆள் நல்ல பருமன், தரையில் உட்காரச் சிரமப்படுவதைப் பார்த்து ஹைதர் மெத்தைகள் போடச் சொன்னாராம்). ஆகஸ்ட் 1 அன்று பாய் விரித்துக் கிளம்பிவிட்டார். ஹியூஸ் சென்னையை விட்டுப் புறப்பட்டதோ ஆகஸ்ட் 20. அதுவரை ஆங்கிலேயர் கையில் இருந்த திருகோணமலையை அவர் எட்டிப் பார்த்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. இந்தப் பக்கத்தில் வாடைக்காற்றிலும் கப்பல் பத்திரமாக நிற்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்!

மறுநாள், செப்டம்பர் 3, கடலில் சண்டை. சுஃப்ரேனிடம் 14 கப்பல், ஹியூஸிடம் 12. ஆனால் பிரெஞ்சு வரிசை குலைந்து, அவருடைய ஈரோ கப்பல் ஓரிரு துணைக் கப்பல்களோடு நடுவில் தனித்து மாட்டிக்கொண்டது. அதன் நடுப் பாய்மரம் முறிந்து கொடியோடு சாய்ந்தது. சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து ஆங்கிலேயர் ஆரவாரம் செய்ய, சுஃப்ரேன் கப்பலைச் சுற்றி வெள்ளைக் கொடிகளாகக் கட்டச் சொல்லிக் கத்தினார். வெள்ளைக் கொடி என்றதும் நமக்குச் சரணாகதிதான் நினைவுக்கு வரும், ஆனால் அன்றைக்கு அதுதான் பிரெஞ்சு அரசரின் கடற்படைக் கொடி.

கேப்டன்களோடு அவருக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பலரைப் பதவியிறக்கித் திருப்பி அனுப்பினார். தவறு முழுக்க அவர்கள்மேல் என்று எனக்குத் தோன்றவில்லை. மனதில் இருந்த திட்டத்தை முன்கூட்டி விளக்கிச் சொல்லும் பொறுமை அவருக்கு இல்லை, கோபம் மட்டும் நிறைய இருந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சு ஆங்கிலேயரோடு நடக்காமல் போனபோது, நூற்றுக்கணக்கான ஆங்கிலக் கைதிகளை ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். சோறு போட வழியில்லை என்பது உண்மைதான். தானே இரண்டு முறை கைதியாக இருந்தவர் அதைச் செய்தார் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கடைசிச் சண்டை கடலூரில், 1783 ஜூன் 20. பீரங்கிக்கு ஆள் போதாமல் கரையிலிருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டார், அதில் சிப்பாய்களும் உண்டு. 15 கப்பலோடு ஹியூஸின் 18 கப்பலை எதிர்த்து நின்றார், ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூர் தப்பியது. சில நாளில் செய்தி வந்தது, ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டதாம்.

ஊருக்குத் திரும்பியதும் அவருக்காகவே நான்காவதாக ஒரு வைஸ் அட்மிரல் பதவியை உண்டாக்கினார்கள், அவரோடு அது முடிந்துவிடும் என்ற ஏற்பாட்டில். 1788 டிசம்பரில் பாரிஸில் இறந்தார். திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் அவர் நின்றபோது, தாய்நாடு போய்க்கொண்டிருந்த ஹியூஸின் கப்பல்களும் அங்கே இருந்தன. நம் கரையில் அவரோடு மோதிய அந்த ஆங்கிலக் கேப்டன்கள் அவருடைய கப்பலுக்கே வந்து மரியாதை செய்தார்கள். டச்சுக்காரர்கள் தன்னைக் காப்பாளனாக வரவேற்றதைவிட இது தனக்கு அதிக சந்தோஷம் தந்ததாக அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.