இன்டர்ன்ஷிப் நேர்முகம்: வாய்விட்டுக் கோட் எழுதிப் பழகுங்கள்

திருகோணமலையிலுள்ள கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கோட் எழுத வராமல் இல்லை. அவர்கள் சறுக்குவது எழுதிக்கொண்டே பேச வேண்டிய இடத்தில்தான். கால் மணித்தியாலம் மௌனமாக இருந்து சரியான விடையை எழுதினாலும், நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. அவர் பார்க்க விரும்புவதே அதைத்தான்.

அடிக்கடி வரும் கேள்வியொன்றை எடுப்போம்: அரேயில், அதாவது எண்களின் வரிசையில், கூட்டுத்தொகை 6 வரும் இரண்டு எண்களின் இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுதத் தொடங்காமல் முதலில் கேளுங்கள். மறை எண் வருமா? ஒரே எண் இரு தடவை வருமா? அரே எவ்வளவு நீளம்? பிறகு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் போட்டு எல்லாச் சோடியையும் பார்க்கும் வழியைச் சொல்லுங்கள். நீளம் ஒரு லட்சமென்றால் ஏறத்தாழ 500 கோடி சோடிகளைப் பார்க்க வேண்டும். அது தாங்காது என்பதையும் நீங்களே சொல்லிவிட்டு ஹாஷ்மேப்புக்குப் போங்கள்: பார்த்த எண்ணை அதன் இடத்தோடு போட்டு வைத்து, வேண்டியபோது உடனே தேடி எடுக்கும் அமைப்பு அது. பலர் பிடிபடுவது இங்கேதான். ஒவ்வொரு எண்ணுக்கும் 6 ஆக இன்னும் எவ்வளவு வேண்டுமோ அதை மேப்பில் தேட வேண்டும். எண்ணை மேப்பில் போட்ட பிறகு தேடினால், [3, 4] என்ற அரேயில் 3 தன்னையே சோடியாக எடுத்துவிடும். தேடிய பிறகே போட வேண்டும். அந்த ஒழுங்கில் [3, 3] க்கும் சரியான விடை வரும். இந்த இரண்டு அரேயையும் பேப்பரில் வரிவரியாக ஓட்டிப் பாருங்கள், சத்தமாகச் சொல்லிக்கொண்டே. சில நேர்முகங்களில் வெறும் டொக்கியூமென்டில்தான் எழுதச் சொல்வார்கள். ரன் பண்ணிப் பார்க்க வழியிருக்காது.

டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை (SQL) யாரும் பெரிதாக எடுப்பதில்லை, அது பிழை. ஒவ்வொரு மாணவரும் எத்தனை பாடம் எடுத்தார், எடுக்காதவருக்கு 0 காட்டு என்று கேட்டால், மாணவர் அட்டவணையில் எவரும் விடுபடாமல் பாட அட்டவணையோடு இணைக்கும் லெஃப்ட் ஜொயின் போட்டுவிட்டு, வரிகளை எண்ணும் கவுண்டுக்குள் நட்சத்திரக் குறி வைப்பார்கள், COUNT(*) என்று. பாடமே எடுக்காதவருக்கும், பாட விவரம் இருக்க வேண்டிய இடத்தில் நல் (NULL, மதிப்பில்லை என்ற குறி) நிரம்பிய ஒரு வரி இருப்பதால் 1 வரும். பாட ஐடி இருக்கும் நிரலை எண்ணினால் நல் கணக்கில் சேராது, 0 கிடைக்கும்.

குறூப் புரொஜெக்டில் "நாங்கள் செய்தோம்" என்று நிறுத்தாமல், உங்கள் கையால் எழுதிய பகுதியைச் சொல்லுங்கள். பட்டனை அமத்தியதிலிருந்து டேட்டாபேஸில் வரி சேரும்வரை என்ன நடக்கிறது என்று விளக்கத் தெரியாத புரொஜெக்டை சீவியில் போடாமல் விடுவதே நல்லது என்பேன்.

ஆங்கிலத்துக்குத் தனி வகுப்புத் தேவையில்லை. ஒரு கணக்கைச் செய்தபடி போனில் ஆங்கிலத்தில் ரெக்கோர்ட் பண்ணுங்கள், அன்றே கேளுங்கள். எந்த இடத்தில் வசனம் அறுகிறதோ, அந்த வசனத்தை மட்டும் திரும்பச் சொல்லிப் பழகினால் போதும்.

கொழும்புக் கொம்பனிகள் முதல் சுற்றை ஒன்லைனில் வைத்தால், மார்கழி மழையில் கரண்ட் போகக்கூடும் என்று எண்ணியே ஆயத்தமாகுங்கள். லெப்டொப்பை முழுதாக சார்ஜ் பண்ணி, வீட்டு வைஃபையை நிற்பாட்டி, போன் ஹொட்ஸ்பொட்டில் ஒரு நண்பருடன் திரையைப் பகிர்ந்து அரை மணித்தியாலம் முதல் நாளே பேசிப் பாருங்கள்.