உம்ரா பயணத்தில் ஒளுவைப் பற்றி

மதீனாவுக்குப் போகிறவர்கள் குபா பள்ளிவாசலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவியிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் இருக்கும். நடந்தே போகலாம், அதற்கென்று அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். மக்காவிலிருந்து ஹிஜ்ரத் (இடம்பெயர்வு) செய்து வந்த 622ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் கட்டிய முதல் பள்ளி இது. சனிக்கிழமைகளில் நடந்தோ வாகனத்திலோ இங்கே வந்து தொழுவார்கள் என்று புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. வீட்டிலேயே தூய்மை செய்துகொண்டு வந்து இங்கே தொழுபவருக்கு ஓர் உம்ராவின் (மக்காவுக்குச் செய்யும் சிறு புனிதப் பயணத்தின்) நன்மை உண்டு என்றும் நபிமொழி சொல்கிறது. அதனால் எங்கள் குழுவில் எல்லோரும் ஓட்டல் அறையிலேயே ஒளு, அதாவது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் தூய்மை, செய்துவிட்டுக் கிளம்பினோம்.

பாதி வழியில் ஒரு தம்பிக்குக் காற்றுப் பிரிந்து ஒளு முறிந்துவிட்டது. இளவயது, துடுக்கான பேச்சு. கூட வந்த ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) நேராகவே கேட்டுவிட்டார்: "ஹஜ்ரத், முறிஞ்சது ஒரு இடத்துல. கழுவுறது முகத்தையும் கையையும் காலையும். இதுல என்ன லாஜிக்?"

எல்லோரும் சிரித்தோம். ஹஜ்ரத் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி தம்பி. மக்கா போய்ச் சேர்றதுக்குள்ள உங்களுக்கே பதில் கிடைச்சிடும்" என்று மட்டும் சொன்னார். எனக்கென்னவோ அந்தக் கேள்வி பயணம் முழுக்கக் கூடவே வந்தது.

குபாவில் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஹஜ்ரத் தவ்பா அத்தியாயத்தின் 108ஆம் வசனத்தை ஓதினார். தூய்மையாக இருப்பதை விரும்பும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள், தூய்மையானவர்களை அல்லாஹ் நேசிக்கிறான் என்பது அதன் கருத்து. மலஜலம் கழித்தபின் தண்ணீரால் கழுவும் பழக்கம் குபாவாசிகளிடம் இருந்தது, அவர்களைப் பற்றித்தான் இந்த வசனம் இறங்கியது என்று அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அசுத்தம் பட்டால் கழுவு. இதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை, மூக்கும் கண்ணுமே சொல்லிவிடும். நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிக்காதே, தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்காதே, தூங்கி எழுந்தால் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் விடாதே என்ற நபிமொழிகளும் இந்த வகைதான்.

ஆனால் தம்பி கேட்டது இதையல்ல. ஒளு இந்தக் கணக்குக்குள் அடங்காது. கைகால் பளிச்சென்று இருக்கும்போதே ஒளு இல்லாமல் போகலாம். வேலை செய்து வியர்த்து, சட்டையெல்லாம் தூசியாக இருக்கும்போதும் ஒளு இருக்கலாம். சட்ட அறிஞர்கள் இவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். துணியில் பட்ட நஜீஸ் (அசுத்தம்) மழையில் தானாகக் கழுவப்பட்டுப் போனாலும் துணி சுத்தம்தான், அங்கே நிய்யத் (மனதில் கொள்ளும் எண்ணம்) தேவையில்லை. ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) ஒளுவுக்கு நிய்யத் கட்டாயம். நிய்யத் இல்லாமல் தலை முதல் கால் வரை நனைந்தாலும் ஒளு நிறைவேறாது. ஹனஃபி மத்ஹபில் நிய்யத் சுன்னத்துதான் (கட்டாயமில்லாத நபிவழி), ஆனால் தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தடவிக்கொள்ளும் தயம்மும் என்று வந்துவிட்டால் அவர்களும் நிய்யத்தைக் கட்டாயமாக்கிவிடுகிறார்கள். மண்ணைத் தடவி அழுக்குப் போகும் என்று யாரும் சொல்லமாட்டார்களே!

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஒளு செய்தால் இந்த நோய் வராது, அந்த நரம்பு தூண்டப்படும் என்று பட்டியல் போடுவார்கள். உடம்புக்கு நல்லதென்றால் நல்லதுதான். ஆனால் அதுவே காரணமென்றால், தண்ணீர் கிடைக்காதபோது மண்ணில் கைதட்டி முகத்தைத் தடவச் சொன்னது எதற்கு? அலி (ரலி) அவர்கள் இதை அன்றே சொல்லிவிட்டார்கள். தோல் காலுறை அணிந்தவர் ஒளுவில் காலைக் கழுவாமல் உறையின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்பது சலுகை. மார்க்கம் வெறும் அபிப்பிராயப்படி என்றால் மேற்பக்கத்தைவிட அடிப்பக்கத்தைத் தடவுவதுதான் பொருத்தம், ஆனால் நபி (ஸல்) அவர்கள் மேற்பக்கத்தைத் தடவியதையே நான் கண்டேன் என்றார்கள் அலி (ரலி). அழுக்கு ஒட்டுவது அடியில். தடவுவது மேலே. தம்பி கேட்ட அதே கேள்விதான். கேட்டவர் மட்டும் பெரிய ஆள்.

மதீனாவின் தெருக்களில் நடக்கும்போது அபூஹுரைரா (ரலி) அவர்கள் நினைவுக்கு வருவார்கள். தாம்பத்தியம் போன்றவற்றால் குளிப்புக் கடமையான நிலையில் இதே ஊரின் ஒரு வீதியில் நபி (ஸல்) அவர்களைப் பார்த்துவிட்டு நைசாக நழுவிப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். எங்கே போனீர் என்று கேட்டபோது, சுத்தமில்லாமல் உங்களோடு உட்கார மனம் வரவில்லை என்றார்கள். "சுப்ஹானல்லாஹ்! இறைநம்பிக்கையாளர் அசுத்தமாகிவிடுவதில்லை" என்பது கிடைத்த பதில். எனக்கு இந்தச் சட்டங்களின் மையமே இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒளு முறிந்தவரோ, குளிப்புக் கடமையானவரோ, மாதவிடாயில் இருக்கும் பெண்ணோ தீண்டத்தகாதவர் இல்லை. அவர் தொட்டது கெடாது, சமைத்தது கெடாது. சில வணக்கங்களுக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது, அதை இப்போது கடக்க முடியாது. அவ்வளவுதான்.

அடுத்து துல்ஹுலைஃபா. மதீனாவை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடும், அப்யார் அலி என்றும் சொல்வார்கள். இஹ்ராம், அதாவது புனிதப் பயணத்துக்கான உடையும் கட்டுப்பாடும், அணிய வேண்டிய எல்லை. குளித்துவிட்டு இஹ்ராம் அணிவது சுன்னத். ஹிஜ்ரி 10இல் நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்கு இதே இடத்தில் குழந்தை பிறந்தது. என்ன செய்வது என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். குளித்துவிட்டு, துணியைக் கட்டிக்கொண்டு இஹ்ராமுக்குள் வாருங்கள் என்று பதில் வந்தது. பேற்றுத் தீட்டு ஒரு குளிப்பில் நீங்காது. அந்தக் குளிப்பால் அவர்கள் தொழவும் முடியாது. ஆனாலும் குளிக்கச் சொல்லப்பட்டது. ஒரு பெரிய காரியத்துக்குள் போகிறோம் என்று உடம்புக்கும் தெரியவேண்டும் இல்லையா?

தயம்மும் பற்றிய வசனம் இறங்கிய சம்பவமும் மதீனாவுக்கு அருகில்தான். ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்துவிட, படையே அதைத் தேட நின்றுவிட்டது. தண்ணீரும் இல்லை. மகளால் வந்த தாமதம் என்று அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு எரிச்சல். விடிந்தபோது வசனம் இறங்கியது, ஒட்டகத்தை எழுப்பினால் அடியில் மாலை கிடந்தது. ஒளுவையும் தயம்மும்மையும் சேர்த்துச் சொல்லும் மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் தன் காரணத்தையும் தானே சொல்லி முடிகிறது. உங்களுக்குச் சிரமம் தர அல்லாஹ் விரும்பவில்லை, உங்களைத் தூய்மைப்படுத்தவும் தன் அருளை உங்கள்மீது நிறைவாக்கவும் விரும்புகிறான். பஸ்ஸில் ஹஜ்ரத் இதை மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தபோது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். தம்பி தூங்கவில்லை.

இஹ்ராமில் விஷயம் இன்னும் வேடிக்கையாகிறது. நறுமணம் கூடாது, நகம் வெட்டக்கூடாது, முடி கத்தரிக்கக்கூடாது. பஸ்ஸில் கொடுத்த ஈரத்தாளில்கூட வாசனை, எல்லோரும் திருப்பிக் கொடுத்தோம். வாசனையில்லாத சோப்பைத் தேடி வாங்கி வைத்திருந்தோம். இஹ்ராமில் தலையைக் கழுவலாமா என்று அப்வா என்ற இடத்தில் இரண்டு நபித்தோழர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்திருக்கிறது. கழுவலாம் என்றவர் இப்னு அப்பாஸ் (ரலி). அபூஅய்யூப் அன்சாரி (ரலி) அவர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்டால், அவர்களே அப்போது இஹ்ராமில் குளித்துக்கொண்டிருந்தார்கள்! தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, இரண்டு கைகளாலும் தலைமுடியை முன்னும் பின்னும் தேய்த்துக் காட்டி, நபி (ஸல்) அவர்கள் இப்படிச் செய்யக் கண்டேன் என்றார்கள். குளிக்கலாம், அலங்காரம்தான் கூடாது. கலைந்த தலையும் வளர்ந்த நகமுமாக, ஆனால் ஒளுவோடு கஅபா ஆலயத்தைச் சுற்றுகிறோம். சுத்தமாகத் தெரிவது வேறு, தூய்மையாக நிற்பது வேறு என்பதை இஹ்ராமைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை. இதைச் சொன்னபோது தம்பி, "அப்போ ஒளுங்கிறது அழுக்குக்கு இல்ல, அனுமதிக்கு" என்றார். ஹஜ்ரத் தலையாட்டினார்.

அனுமதி கேட்டு நிற்பவருக்குப் பதற்றம் வருவதும் இயல்பு. ஹரமில் (மக்காவின் புனிதப் பள்ளிவாசலில்) ஒளு செய்யும் இடங்களில் பார்த்திருக்கிறேன், சிலர் குழாயைத் திறந்துவிட்டு ஒரே கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். ஊசலாட்டம். நபி (ஸல்) அவர்கள் ஒளுவுக்கு ஒரு 'முத்' அளவு, அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவுத் தண்ணீர் பயன்படுத்தினார்கள். ஷாஃபி கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தூய்மையை நான்கு படிகளாகப் பிரித்தார்: உடம்பை அழுக்கிலிருந்து, உறுப்புகளைப் பாவத்திலிருந்து, இதயத்தைக் கெட்ட குணங்களிலிருந்து, உள்ளத்தின் ஆழத்தை அல்லாஹ் அல்லாத அனைத்திலிருந்தும். முதல் படியிலேயே நாள் முழுக்க நின்றுவிடுபவர்களை அவர் கடுமையாகவே சாடியிருக்கிறார்.

மக்காவில் தவாஃப், அதாவது கஅபாவைச் சுற்றி வருதல். ஷாஃபி மத்ஹபினருக்கு இங்கே ஒரு சிக்கல். அந்நிய ஆண் பெண் தோல் ஒன்றோடொன்று பட்டால் ஒளு முறியும், தவாஃபுக்கு ஒளு நிபந்தனை. அந்த நெரிசலில் படாமல் இருப்பது எப்படி? அதனால் பலர் ஹனஃபி முறையைப் பின்பற்றும் எண்ணத்தோடு, அந்த முறைப்படியே ஒளு செய்துகொண்டு இறங்குகிறார்கள். ஹஜ்ரத்தும் எங்களுக்கு அதைத்தான் சொன்னார். சட்டம் இறுக்கமாகும் இடத்தில் மத்ஹபுகள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு மக்காவுக்குள் நுழையும் நேரத்தில் ஹைளு (மாதவிடாய்) வந்துவிட்டது. என் மனைவி மூலம்தான் தெரிந்தது. அழுதுகொண்டே இருந்தாராம். ஆயிஷா (ரலி) அவர்களும் மக்காவுக்குச் சற்று முன்னால் ஸரிஃப் என்ற இடத்தில் இதே காரணத்துக்காக அழுதவர்கள்தான். இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது, தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். தூய்மையானபின் அவர்கள் மனக்குறை தீர, சகோதரரோடு மக்காவின் எல்லையிலுள்ள தன்ஈமுக்கு அனுப்பி உம்ரா செய்யவும் வைத்தார்கள். அங்கேதான் இன்று ஆயிஷா பள்ளி நிற்கிறது.

எங்கள் சகோதரி அறையில் இஹ்ராமிலேயே இருந்தார். இறைவனை நினைந்து திக்ரு செய்தார், துஆ கேட்டார், எங்கள் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் தூய்மையாகி, குளித்து, கணவரோடு போய்த் தவாஃபும், ஸஃபா மர்வா குன்றுகளுக்கு இடையே நடக்கும் ஸயீயும் முடித்துவிட்டு வந்தார். முடியின் நுனியை விரல்நுனி அளவு கத்தரித்ததும் என் மனைவியிடம் முதலில் கேட்டது: "லாத்தா, அந்த வாசனை சோப்பை எங்கே வச்சீங்க?"