மூன்றாம் வருசக் கோழியின் கோதும் வயிறும்

வயசான கோழிக்கு முட்டை குறைந்தால் நோய் என்று பதறுகிறோம். நோய் வந்து முட்டை நின்றால் வயசு என்று விட்டுவிடுகிறோம். இரண்டாவது தவறில்தான் கோழி சாகிறது. முட்டையை எண்ணுவதை விட, அதன் கோதைப் பாருங்கள், கோழியின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

முட்டைக்கென்றே வளர்க்கும் லேயர் கோழி 18–20 வாரத்தில் தொடங்கி முதல் வருசம் ஏறத்தாழ 300 முட்டை இடும். அதன்பிறகு வருசா வருசம் பத்தில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ குறையும். அது இயல்பு. ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடை கிடக்கும்போது அதன் முட்டைப்பை ஓய்வெடுக்கிறது. லேயருக்கு அந்த ஓய்வு இல்லை. வயசோடு முட்டை பெரிதாகும். ஆனால் ஒரு கோதுக்குச் செல்லும் சுமார் 2 கிராம் கால்சியம் கூடுவதில்லை, குடல் அதை உறிஞ்சும் திறனும் குறைந்துவிடும். அதே கோது பெரிய முட்டையில் பரவும்போது மெல்லிசாகிறது.

ஒரு முட்டை உருவாக 24–26 மணித்தியாலம் எடுக்கும். அதில் 20 மணித்தியாலம் அளவு கோது படிவதற்கே போகிறது, பெரும்பாலும் இரவில். இரவில் கோழி தின்னாது. அதனால் மாலையில் விழுங்கிய சிப்பித் துண்டு இரைப்பையில் கிடந்து மெல்லக் கரைய வேண்டும். மாவாக இடித்த சிப்பி அவ்வளவு நேரம் தங்காது. 2 முதல் 5 மில்லிமீற்றர் துண்டுகளே சரி. கறிக்கு வாங்கும் மட்டியின் கோதை அவித்துக் காயவைத்து இடித்தால் போதும். கடற்கரையில் பொறுக்கியது என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்குங்கள். தீனில் கலக்க வேண்டாம். தனிச் சிரட்டையில் வைத்தால் இடுகிற கோழி தானே தேடித் தின்னும். சேவலுக்கும் குஞ்சுக்கும் இடாத கோழிக்கும் மிதமிஞ்சிய கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சிப்பி வைத்தும் கோது தேறவில்லையா? தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். திருகோணமலையில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடலோரக் கிணறுகள் வெயில் காலத்தில் உவர்க்கும். உப்புத் தண்ணீர் குடிக்கும் கோழியின் கருப்பையில், அதாவது கோது படியும் இடத்தில், கோதுக்கு வேண்டிய பைகார்பனேற்று குறைகிறது. கால்சியம் இருந்தும் கோது கட்டாது. வயசான கோழியில் இது கூடுதலாகத் தெரியும். தண்ணீரை மாற்றினாலும் உடனே திருந்தாது. ஒரு கோழிக்கு நாளைக்குக் கால் லீற்றர், கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் நாட்களில் அதன் இரண்டு மடங்கு வரை வேண்டும். அந்த அளவுக்காவது குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ நிழலில் வையுங்கள். கருவாட்டுத் தலையைப் போடுவதென்றால் ஊறவைத்து உப்பிறக்கிப் போடுங்கள். வெக்கையில் வாய் பிளந்து இளைக்கும்போதும் இரத்தத்தில் பைகார்பனேற்று இறங்கி இதே மெல்லிய கோதுதான் வரும். ஆகவே தீனை விடியவும் வெயில் தாழவும் கொடுங்கள்.

இறகு உதிர்ப்பு தனி விசயம். தலையிலும் கழுத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும், 8 முதல் 12 வாரம் முட்டை நிற்கும், கொண்டை வெளிறிச் சுருங்கும். ஆனால் தீன் எடுக்கும், ஓடித்திரியும். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும்போது உதிர்க்கும். திருகோணமலையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம் என்பதால் எல்லாக் கோழியும் ஒரே மாதத்தில் உதிர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இறகு பெரும்பாலும் புரதம். இந்தக் காலத்தில் பழஞ்சோறும் தேங்காய்ப்பூவும் ஈரலில் கொழுப்பாகப் படியுமே தவிர இறகாகாது. நெத்தலி, சோயா கொடுங்கள்.

கையால் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. இரவில் கூட்டில் இருந்து எடுத்து, பின்துவாரத்துக்குக் கீழே துருத்தும் இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு இடையில் விரல் வையுங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்து துவாரம் ஈரமாக அகன்றிருந்தால் இடுகிறது. ஒரு விரல்தான் நுழைந்து துவாரம் வறண்டிருந்தால் நின்றுவிட்டது. அப்படியே உள்ளங்கையை அடிவயிற்றில் வையுங்கள். சாதாரண வயிறு மெத்தென்றிருக்கும். கல்லாக இறுகியதும், தண்ணீர்ப் பை போல் தளும்புவதும் நல்லதல்ல. மாதம் ஒருமுறை தொட்டுப் பழகினால்தான் மாற்றம் கைக்குத் தெரியும்.

காலையில் நன்றாக இருந்த கோழி மதியம் பென்குயின் போல நிமிர்ந்து, வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு மூழ்க 15–20 நிமிடம் வையுங்கள். துடைத்து, துவாரத்தில் தேங்காய் எண்ணெய் பூசி, இருட்டான அமைதியான பெட்டியில் விடுங்கள். 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை ஒன்றைப் பொடித்து ஈரத்தீனில் கொடுக்கலாம். கரைத்து வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். வயிற்றை அமுக்காதீர்கள். உள்ளே உடைந்த கோது கருப்பையைக் கிழிக்கும். ஒரு நாளுக்குள் வெளிவராவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

முக்கி முக்கிச் சிவந்த சதை வெளியே தள்ளினால் முதல் வேலை மற்றக் கோழிகளிடமிருந்து பிரிப்பது. சிவப்பைக் கண்டால் கொத்திக் குடலையே இழுத்துவிடும். சுத்தமான தண்ணீரால் கழுவி, வீக்கம் வற்றச் சீனி தூவிச் சற்று நேரம் விட்டு, எண்ணெய் தடவிய விரலால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். ஒருமுறை வெளியே வந்தது திரும்பவும் வரக் கூடும்.

மெதுவாக வருவதுதான் கண்ணுக்குத் தப்புகிறது. நெஞ்செலும்பு கத்தி போல மெலிய, வயிறு மட்டும் வீங்கும். மஞ்சட்கரு முட்டை உருவாகும் கருக்குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து அழுகினாலும், சினைப்பையில் புற்று வந்தாலும் வெளியே ஒரே தோற்றம்தான். சினைப்பைப் புற்று கோழிக்குத் தானாகவே வருவதால் மனிதரின் அந்த நோயை ஆராயக் கோழியையே பயன்படுத்துகிறார்கள். வயிற்றில் சேர்ந்த நீரை வைத்தியர் ஊசியால் எடுத்தால் மூச்சு இலகுவாகும், ஆனால் நீர் திரும்பச் சேரும். கூட்டில் முட்டைக்குப் பதிலாக அடுக்கடுக்கான, ரப்பர் போன்ற கட்டி கிடந்தால் அது கருக்குழாய் அழற்சியில் திரண்ட சீழ். எறிவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் மருந்து தந்தால், சொல்லும் நாள் வரை முட்டையைச் சாப்பிடக் கூடாது.

ஒரு கோழி அல்ல, எல்லாக் கோழியும் சில நாட்களுக்குள் முட்டையை நிறுத்தி, வந்த முட்டையும் சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் வயசைக் காரணம் சொல்லாதீர்கள். அது ராணிக்கெட் என்ற வைரஸ் நோயாகவோ வேறு தொற்றுச் சுவாச நோயாகவோ இருக்கலாம். செத்ததை அறுத்துப் பார்க்க வேண்டாம், மிஞ்சியதை விற்கவோ அயலுக்குக் கொடுக்கவோ வேண்டாம். அன்றைக்கே பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.