நாபா பள்ளத்தாக்கு: சொந்த ஒயினோடு சாப்பிடப் போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஹைவே 29, சில்வராடோ டிரெயில் என்ற இரண்டு சாலைகளிலும் ஒயினரி ஒயினரியாக ஏறி இறங்கினால், மாலைக்குள் காரில் நாலைந்து பாட்டில் சேர்ந்துவிடும். அதில் ஒன்றை இரவுச் சாப்பாட்டோடு திறப்பது அங்குள்ள யௌன்ட்வில், செயின்ட் ஹெலினா ஊர்கள் பக்கம் சகஜம். திறந்து, கிளாஸ் வைத்து, ஊற்றித் தருவதற்கு உணவகம் வாங்கும் கட்டணம்தான் கார்க்கேஜ்.

மேசை பதிவு செய்யும்போதே போனில் கேட்டுவிடுங்கள்: 750 மி.லி. பாட்டிலுக்கு எவ்வளவு, எத்தனை பாட்டில் வரை, அவர்களிடம் ஒன்று வாங்கினால் ஒரு கார்க்கேஜைக் கழிப்பார்களா. பல இடங்களில் இரண்டு பாட்டில்தான் வரம்பு. மேக்னம், அதாவது 1.5 லிட்டர் பாட்டில், கொண்டுபோனால் இரண்டாகவே எண்ணுவார்கள்.

உணவகத்தில் ஒயின் பொதுவாகக் கடை விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு. கார்க்கேஜ் 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 15 டாலர் சூப்பர்மார்க்கெட் பாட்டில் 45 ஆகிவிடும். அந்தக் காசுக்கு அவர்கள் பட்டியலிலேயே சுமாரானது ஒன்று கிடைக்கலாம். 70 டாலர் கேபர்னே சிவப்பு ஒயின் என்றால் 100-இல் முடியும், பட்டியலில் 140-க்கு மேல் போகும். ஆக, மலிவு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவது வீண். பட்டியலில் இருக்கும் அதே ஒயினையும் கொண்டுபோகாதீர்கள், சங்கடம். நல்ல பாட்டிலென்றால் பரிமாறுபவருக்கு ஒரு வாய் கொடுப்பது இங்கே வழக்கம். மிச்சமான காசில் டிப்ஸைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

பாட்டில் கெடுவது பெரும்பாலும் காரில்தான். கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒயின் சூடேறி விரியும். கார்க் மேலே தள்ளும், ஓரத்தில் கசியும், பழவாசம் போய் வேகவைத்த ஜாம் வாடை வரும். டிக்கியில் ஐஸ்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஒயினைப் பாதி ஐஸ், பாதி தண்ணீர் ஊற்றிய வாளியில் வைத்தால் இருபது நிமிடத்தில் குளிரும். வெறும் ஐஸ் போட்டால் பாட்டிலைச் சரியாகத் தொடாது, நேரம் பிடிக்கும். பழைய சிவப்பு ஒயினை முந்தின நாளே நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் இறங்கும். கார்க் உதிரும் வயதென்றால் இரண்டு பட்டை போட்ட திறப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள். திருகு ஆணி அதை நொறுக்கிவிடும்.

குடித்து மிஞ்சினால் விட்டுவிட்டு வர வேண்டாம். மீதி ஒயினை எடுத்துப்போக கலிபோர்னியா சட்டம் இடம் தருகிறது. கார்க்கை மறுபடி அழுத்தி மூடித் தரச் சொல்லுங்கள். ஆனால் திறந்த பாட்டில் காரில் டிக்கியில்தான் இருக்க வேண்டும். இருக்கைக்குக் கீழே வைத்தால் குற்றம், டேஷ்போர்டு அறையும் அதே கணக்கில்தான் வரும். ஓட்டுபவரின் ரத்த ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம். அறைக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். குளிரில் காற்று ஒயினைக் கெடுக்கும் வேகம் குறையும், மூன்று நாள் தாக்குப்பிடிக்கும்.

திறக்காததை ஊருக்குக் கொண்டுவருவதானால் செக்‌-இன் பெட்டியில்தான் போக வேண்டும். ஒரு பாட்டில் 1.2 முதல் 1.5 கிலோ வரை இருக்கும், துணி சுற்றி நடுவில் வையுங்கள். இந்தியாவில் ஒருவருக்குத் தீர்வையில்லாமல் 2 லிட்டர். இரண்டு பாட்டில் 1.5 லிட்டர், மூன்றாவதை எடுத்தால் 2.25, சுங்கம் கட்ட வேண்டிவரும்.