வீடு வரைக்கும் ஒரு பை

6 அக்டோபர் 2024, ஞாயிறு

மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. ஒரு வாரமாகப் பையன் அனத்திக்கொண்டே இருந்தான், போனோம். சூர்யகிரண் விமானங்கள் வந்தபோது அவன் குதித்த குதி, சரி, அதற்காகவே போகலாம்தான்.

ஒரு மணிக்கு முடிந்தது. அதற்கப்புறம்தான் ஆரம்பம். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் மாடிப்படியிலேயே ஜனம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆட்டோ இல்லை, பஸ் நகரவில்லை. நடந்தோம். மந்தைவெளியில் வீடு, மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கையிலிருந்த ஒரே தண்ணீர் பாட்டில் பதினொன்றரைக்கே காலி. வழியில் ஒரு வீட்டம்மா வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு, கேட்காமலேயே எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பையன் மூன்று டம்ளர் குடித்தான்.

ராத்திரி செய்தியில், வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். மழையில்லை, புயலில்லை. வெறும் வெயில், கூட்டம், தண்ணீர் இல்லாமை. தூக்கம் வரவில்லை.

8 அக்டோபர், செவ்வாய்

ஆபீஸ் சோழிங்கநல்லூரில். வீட்டுக்கு 17 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே வரும். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் "ஆபீஸிலிருந்து நடந்தே வீடு வர வேண்டியிருந்தால் கைகொடுக்க, இந்த வருஷம் ஒரு பை கட்டி வைக்கணும்" என்று நினைப்பேன். தீபாவளிச் சீட்டு மாதிரி அதுவும் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.

2015 டிசம்பர் 1-ம் அதே மாதிரி ஒரு செவ்வாய்தான். அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அப்போது வேலை பார்த்த இடத்தில் எங்களை மாலை நாலு மணிக்குத்தான் விட்டார்கள். கம்பெனி பஸ் காரப்பாக்கத்தோடு நின்றுவிட்டது, இறங்கி நடந்தோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிற வழி ஒக்கியம் மடுவு. அதன் மேலேதான் ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலை, போகிறது. மேற்கே பெய்ததெல்லாம் அந்த வாய்க்குள் நுழையப் பார்க்கும் நேரத்தில், நாங்கள் அதைக் குறுக்கே தாண்டிக்கொண்டிருக்கிறோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர். இடது கால் ரப்பர் செருப்பை அது உருவிக்கொண்டு போனது. இழுத்ததுகூடத் தெரியவில்லை. அடுத்த அடி வைத்தபோதுதான் வெறுங்காலில் ஜல்லி குத்தியது.

போன் ஆறரைக்கே உயிரை விட்டது. பர்ஸில் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய். டீக்கடைக்காரரிடம் சில்லறை இல்லை. "போம்மா, அப்புறம் குடு" என்று டீயைக் கொடுத்துவிட்டார். அந்தக் கடை இப்போது இல்லை, மெட்ரோ வேலைக்குத் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பத்து ரூபாய்க் கடன் இன்னும் இருக்கிறது.

ராத்திரி பத்து மணிக்குத் திருவான்மியூர். கூட வந்த தோழியின் சித்தி வீட்டில் தங்கினேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்பது அம்மாவுக்கு மறுநாள் நேரில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

11 அக்டோபர், வெள்ளி

சரஸ்வதி பூஜை. புத்தகத்தைத் தொடக்கூடாது, லேப்டாப்பைத் தொடக்கூடாது. பை கட்டலாம்.

பழைய காலேஜ் பையை எடுத்தேன். டார்ச், பெரிய பவர் பேங்க், இரண்டு லிட்டர் தண்ணீர், ரெயின்கோட், மாற்றுத் துணி இரண்டு செட், துண்டு, கத்தரிக்கோல், கயிறு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட் மூன்று பாக்கெட், கடலை மிட்டாய், பேரீச்சை, ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், நாப்கின், மடக்குக் குடை. எடை மெஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். வித்தியாசம் 6.2 கிலோ.

அம்மா கொழுக்கட்டைத் தட்டோடு வந்து நின்றாள். "எங்கடி, காசிக்கா?" என்றாள். அப்புறம் அவளே, "காசி யாத்திரை மாப்பிள்ளை கையில குடையும் தடியும் இருக்கும். உன்கிட்ட தடி எங்க?" என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் தண்ணீருக்கடியில் மூடி இல்லாத சாக்கடைக் குழி எங்கே இருக்கிறது என்று எந்தப் பவர் பேங்கும் சொல்லாது. பரணிலிருந்து அப்பாவின் நீளக் காம்புக் குடையை இறக்கினேன். குடையும் அதுவே, தடியும் அதுவே. மடக்குக் குடை வெளியே.

13 அக்டோபர், ஞாயிறு

ஒத்திகை. காலை ஐந்தரைக்கு இவர் பைக்கில் கொண்டுபோய் சோழிங்கநல்லூர் சிக்னலில் இறக்கிவிட்டு, "வேணும்னா போன் பண்ணு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இந்தத் தடவை ஓ.எம்.ஆர். வேண்டாம் என்று முடிவு. கிழக்கே திரும்பி, கால்வாயைத் தாண்டி அக்கரை, அங்கிருந்து ஈ.சி.ஆர்., அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. கடலோர மணல் மேடு என்பதால் அந்தப் பக்கம் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். கால்வாய்ப் பாலத்தை மட்டும் நேரத்தோடு தாண்டிவிட வேண்டும். இஞ்சம்பாக்கம், வெட்டுவாங்கேணி, நீலாங்கரை, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர், அடையாறு, திரு.வி.க. பாலம், வீடு.

நீலாங்கரை வரை ராணி மாதிரி நடந்தேன். பாலவாக்கத்தில் தோள்பட்டை எரிய ஆரம்பித்தது. கொட்டிவாக்கத்தில் ஒரு கோயில் திண்ணையில் உட்கார்ந்து பையைப் பிரித்துப் பார்த்தபோது, இதுவரை தொட்டது தண்ணீர், கடலை மிட்டாய், துண்டு மூன்றுதான். மெழுகுவத்தி வெயிலில் வளைந்து கயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மழையில் நடுரோட்டில் மெழுகுவத்தியை எங்கே ஏற்றப் போகிறேன்?

குதிகாலுக்குப் பின்னால் பட்டை உள்ள செருப்பு வாங்கியிருந்தேன். கழலவில்லை. ஆனால் புதுசு, சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம். புதுச் செருப்பைப் பைக்குள் வைப்பதைப் போல முட்டாள்தனம் இல்லை. பழகியதை வைக்க வேண்டும்.

ஐந்து மணி நேரம் பத்து நிமிஷம். இது காய்ந்த ரோட்டில், பகலில். தண்ணீரில் இருமடங்கு என்று வைத்துக்கொண்டால், நாலு மணிக்குக் கிளம்பினால் விடியற்காலை. ஆக மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆபீஸிலேயே படுக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் இருட்டில் நடப்பதற்குக் கான்ஃபரன்ஸ் ரூம் தரை எவ்வளவோ மேல்.

சாயங்காலம் பையைக் குறைத்தேன். தண்ணீர் ஒரு லிட்டர், அதுவும் லிட்டர் பாட்டிலாகவே. இந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கொட்டினால் உப்பு கூடிப்போகும். சின்னப் பவர் பேங்க். பத்தும் இருபதுமாக 600 ரூபாய், ஜிப் கவரில். நெட்வொர்க் இல்லாவிட்டால் ஜிபே வெறும் படம்தானே. இவர் நம்பர், அம்மா நம்பர், திருவான்மியூர் சித்தி நம்பர், மாநகராட்சியின் 1913 எல்லாம் பென்சிலால் எழுதிய அட்டை. பேனா மை கரையும். மொத்தம் 3.3 கிலோ.

14 அக்டோபர், திங்கள்

பையை ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டினேன். பெரிய நிம்மதி. சாயங்காலம், நாளையிலிருந்து 18-ம் தேதி வரை ஐ.டி. ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கவிடச் சொல்லி அரசு அறிவிப்பு. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் வந்தாயிற்று. வேளச்சேரி பாலத்தில் இப்போதே கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டார்களாம். அவர்களும் 2015-ஐ மறக்கவில்லை.

15 அக்டோபர், செவ்வாய்

நல்ல மழை. பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. லேப்டாப் சார்ஜ் 9 சதவீதம்.

"டார்ச் எங்கடி?" என்று அம்மா கேட்டாள். சோழிங்கநல்லூரில். "அந்தச் சின்ன சார்ஜர்?" அதுவும். "பால்காரருக்குச் சில்லறை?" பதில் சொல்லவில்லை. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

17 அக்டோபர், வியாழன்

நேற்று ரெட் அலர்ட், தூறலோடு சரி. தாழ்வு மண்டலம் இன்று விடியற்காலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. வாட்ஸாப் முழுக்க மழையைக் கிண்டல். நான் சிரிக்கவில்லை. நவம்பர், டிசம்பர் இன்னும் இருக்கிறது.

21 அக்டோபர், திங்கள்

ஆபீஸ். டிராயரைத் திறந்தால் சாவித் துவாரத்திலிருந்து பை வரைக்கும் கறுப்புக் கோடு. எறும்பு. பேரீச்சையும் கடலை மிட்டாயும் போயிற்று, ஜிப் கவரைக்கூடக் கடித்திருக்கிறது. பணத்தை ஒன்றும் செய்யவில்லை.

நாளைக்கு வீட்டிலிருந்து திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று கொண்டுவர வேண்டும். காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 140 கிராம்.